பிள்ளை பெற்ற பிறகு பார்க்கலாமாம்!



கொழும்பில் நடந்த ஒரு விசயத்தைச் சொல்லித் தொடங்குகிறோம். அந்தப் பிள்ளையின் பேரையும் தோட்டத்தின் பேரையும் எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு கொழும்புக்கு வேலைக்கு வந்தவள். கல்யாணம் முடித்து, கணவனும் அவளும் கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து இருக்கிறார்கள். கணவனுக்கு வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. அவளும் தினமும் காலையில் பஸ் ஏறி வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டுக்குச் சமைக்கப் போகிறாள். வயிற்றில் ஐந்து மாதம். கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று சொத்தை. மூன்றாம் மாதத்திலிருந்தே வலி.

முதலில் வேலை செய்யும் வீட்டம்மாவிடம் சொன்னாள். "மாசமா இருக்கிறப்ப பல்லுல கை வைக்கப்படாது" என்று பதில் வந்தது. தனியார் பல் கிளினிக் ஒன்றுக்குப் போனாள். வயிற்றைப் பார்த்ததுமே, "பிள்ளை பெத்த பிறகு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வாயைத் திறக்கச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை. ஊரில் மாமியாரிடம் கேட்டாள். பல்லைப் பிடுங்கினால் கரு கலைந்துவிடும் என்றார். கடைசியில் பாமசியில் பல்வலிக்கு என்று கேட்டு, வெட்டிக் கொடுத்த மாத்திரையை இரண்டு கிழமை விழுங்கினாள். என்ன மாத்திரை என்று அவளுக்கும் தெரியாது. கர்ப்பமா என்று கொடுத்தவரும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு முகம் ஒரு பக்கம் வீங்கி, காய்ச்சலும் வந்த பிறகுதான் எங்களுக்குத் தொலைபேசி எடுத்தாள். மறுநாள் விடியவே அவளைக் கூட்டிக்கொண்டு, கர்ப்பப் பதிவுக் கார்டோடு, வார்ட் பிளேஸில் இருக்கும் தேசிய பல் போதனா வைத்தியசாலைக்குப் போனோம். டாக்டர் கார்டை வாங்கிப் பார்த்தார். எத்தனையாம் மாதம், வேறு வருத்தம் உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டார். விறைக்கும் ஊசி போட்டு, சீழை வெளியேற்றி, பல்லைப் பிடுங்கினார். கர்ப்பிணிக்கு ஏற்ற மருந்து எழுதிக் கொடுத்தார். ஒரு சதம் கேட்கவில்லை. பின்னேரம் அவள் அறைக்குத் திரும்பிவிட்டாள். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு காலைப் பொழுதில் முடியும் காரியம். அதற்காக இரண்டு மாதத்துக்கு மேல் அவள் வலியைத் தின்றாள். வலியைவிடப் பெரிய செலவு வேறு ஒன்று: முகம் வீங்கி வேலைக்குப் போகாத மூன்று நாளுக்கும் வீட்டம்மா சம்பளத்தை வெட்டிவிட்டார்.

இது ஒருத்தியின் கதை என்று விட்டிருப்போம். ஆனால் இந்த ஒரே வாசகத்தைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் கேட்டிருக்கிறோம், லயத்து வாசலில் கேட்டிருக்கிறோம், பெரட்டுக் களத்தில் கேட்டிருக்கிறோம். "பிள்ளை பெத்த பிறகு பார்க்கலாம்." இந்த வாசகம் பொய் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பொய் என்பதோடு, இந்தப் பொய்யால் யாருக்கு இலாபம் என்பதையும் சொல்லப் போகிறோம்.

மருத்துவம் என்ன சொல்கிறது?

கர்ப்ப காலத்தில் பல்லுக்கு வைத்தியம் செய்யலாம். செய்யத்தான் வேண்டும். இலங்கைச் சுகாதார அமைச்சின் குடும்ப சுகாதாரப் பணியகம் கர்ப்பிணித் தாய்மாரின் வாய்ச் சுகாதாரத்துக்கென்றே 2009 இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு கர்ப்பிணியையும் குடும்ப நல உத்தியோகத்தர், அதாவது நம் மிட்வைப் மிஸ், பல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதே அதன் சாரம். உங்கள் கையில் இருக்கும் கர்ப்பப் பதிவுக் கார்டில் பல் பரிசோதனைக்கும் ஓர் இடம் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். அந்த இடம் வெறுமையாக இருந்தால், உங்களுக்குக் கிடைக்க வேண்டிய ஒன்று கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

உலகத்தில் மற்ற நாடுகளிலும் இதே பேச்சுத்தான். அமெரிக்காவின் மகப்பேற்று மருத்துவர் கல்லூரி 2013 இல் தன் மருத்துவர்களுக்கு எழுதிய அறிவுரையில், கர்ப்பிணிக்குப் பல் சுத்தம் செய்வதும், பல் எக்ஸ்ரே எடுப்பதும், விறைக்கும் ஊசி போடுவதும் பாதுகாப்பானவை என்று சொல்லியிருக்கிறது. பல் பிரச்சினையைப் பிரசவம் வரை தள்ளிப் போடாமல் கவனிக்க வேண்டும் என்பதே அதன் நிலைப்பாடு.

"கர்ப்பிணிக்கு ஊசி ஆகாது" என்கிறவர்களிடம் ஒரு கேள்வி. கிளினிக்கில் ஏர்ப்பு வலி வராமல் இருக்க அதே கர்ப்பிணிக்கு ஊசி போடுகிறார்களே, அது மட்டும் ஆகுமா? பல்லுக்குப் போடும் விறைப்பு ஊசி அந்த இடத்தை மாத்திரம் மரக்கச் செய்யும். ஊசிக்குப் பயந்து வலியோடு இராத்தூக்கம் இல்லாமல், சாப்பிட முடியாமல், சீழ் வைக்கும்வரை கிடப்பதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

எப்போது போவது நல்லது? வலியும் வீக்கமும் இருந்தால் எந்த மாதமானாலும் உடனே போக வேண்டும். அவசரமில்லாத வேலைக்கு, அதாவது சொத்தை அடைக்க, பல் சுத்தம் செய்ய, நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை நல்ல காலம். முதல் மூன்று மாதம் மசக்கையும் வாந்தியும் படுத்தும். கடைசி மாதங்களில் பல் நாற்காலியில் மல்லாந்து கிடப்பது கஷ்டம். வயிற்றின் பாரம் பெரிய இரத்தக் குழாயை அழுத்தித் தலைசுற்று வரும். அப்படி வந்தால் இடப்பக்கம் சரிந்து படுத்தால் சரியாகும். இதையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

கர்ப்பத்தில் ஏன் பல்லும் முரசும் கெடுகின்றன? உடம்பில் சுரக்கும் ஹோர்மோன்கள் கூடுவதால் முரசு இலகுவில் வீங்கி, பல் துலக்கும்போது இரத்தம் வரும். சிலருக்கு முரசில் சிவப்பாக ஒரு சதைக் கட்டிகூட வளரும். அது புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு சுருங்கிவிடும். ஆனாலும் டாக்டருக்குக் காட்ட வேண்டும். வாந்தியில் வரும் புளிப்பு பல்லின் மேற்பூச்சை அரிக்கும். வாந்தி எடுத்த உடனே பிரஷ் போட்டுத் தேய்த்தால் அரிப்பு கூடும். முதலில் தண்ணீரில் வாயை நன்றாகக் கொப்பளித்து, அரை மணித்தியாலத்துக்குப் பிறகு துலக்குங்கள்.

நம் பாட்டிமார் "ஒரு பிள்ளைக்கு ஒரு பல்லு" என்பார்கள். வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லில் இருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சுகிறது என்ற நினைப்பு அது. அப்படி ஒன்றும் நடப்பதில்லை. பிள்ளைக்குப் பிள்ளை பல் போனது உண்மைதான். வயிற்றுப் பிள்ளை அதைக் கொண்டுபோகவில்லை. பல்லைப் பார்க்க ஆளில்லாமல் போனது.

மாத்திரையில் கவனம்

நம் பெண்கள் ஏமாறும் இடம் பாமசியும் தோட்டத்துக் கடையும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

பல்வலிக்குப் பனடோல், அதாவது பரசிட்டமோல், சொன்ன அளவில் எடுக்கலாம். டைக்ளோபெனாக், இப்யூபுரோபன் போன்ற வலி மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு அவை பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதித்து, பனிக்குடத்து நீரைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2020 இல் எச்சரித்தது. கடைசி மாதங்களில் பிள்ளையின் இருதயத்தை ஒட்டிய இரத்தக் குழாயையும் அவை பாதிக்கும். டெட்ராசைக்கிளின், டொக்சிசைக்கிளின் ஆகிய மருந்துகள் பிள்ளைக்கு முளைக்கப்போகும் பல்லின் நிறத்தையே கெடுக்கும். சீழுக்கு மருந்து வேண்டுமென்றால் அமொக்சிசிலின் போலக் கர்ப்பத்தில் கொடுக்கக்கூடியவை இருக்கின்றன. எது, எத்தனை நாள் என்பதை டாக்டர் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து லயத்தில் மிஞ்சிய மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். சொத்தைக் குழியில் கற்பூரம், புகையிலை, சாராயம் வைக்காதீர்கள்.

முகமோ தாடையோ வீங்கினால், வாய் திறக்க முடியாவிட்டால், விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டப்பட்டால், காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்துப் பெரிய வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்கு அந்த இரவே போங்கள். மேலே சொன்ன பிள்ளை ஞாயிறு இரவே போயிருக்க வேண்டும். அன்றிரவே போ என்று சொல்லாமல் விடியட்டும் என்றது எங்கள் பிழை. பல் சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிரையே எடுக்கும்.

குழந்தைக்காகவா, அவளுக்காகவா?

இந்த விசயத்தைப் பேசும்போது சிலர், "முரசு நோயைக் குணப்படுத்தினால் குறைமாதப் பிரசவம் வராது" என்று சொல்லிப் பெண்களை அழைக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் நாங்கள் உறுப்பினர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லப் பழகியவர்கள். முரசு நோய் உள்ள தாய்மாரிடம் குறைமாதப் பிரசவம் கூடுதலாகக் காணப்படுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் முரசுக்கு வைத்தியம் செய்தால் அது குறைகிறதா? 2006 இல் அமெரிக்காவில் முரசு நோய் இருந்த 823 கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. ஒரு பகுதியினருக்கு 21 கிழமைக்கு முன்னரும், மற்றவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகும் வைத்தியம் செய்தார்கள். குறைமாதப் பிரசவம் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருந்தது. கர்ப்பத்தில் வைத்தியம் செய்ததால் தாய்க்கோ பிள்ளைக்கோ கெடுதல் கூடவும் இல்லை. தாயின் முரசு நன்றாக ஆறியது.

இந்த ஆய்வை எதிராளி எடுத்துக் காட்டி, "பார், பிள்ளைக்கு நன்மை இல்லையே, பிறகு எதற்கு?" என்று கேட்கலாம். நாங்கள் சொல்லும் பதில் இதுதான்: அவளுக்கு வலிக்கிறது. அது போதாதா?

தோட்டத்துப் பெண்ணைப் பற்றி யார் பேசினாலும் அவள் பறிக்கும் கொழுந்தைப் பேசுகிறார்கள், இல்லாவிட்டால் அவள் பெறும் பிள்ளையைப் பேசுகிறார்கள். அவள் வாயைப் பற்றிப் பேசினால்கூட வயிற்றைக் காரணம் காட்டித்தான் பேச வேண்டியிருக்கிறது. ஆம்பிளைக்குப் பல்வலி வந்தால், "உன் பல்லைப் பிடுங்கினால் வேறு யாருக்கு நன்மை?" என்று யாராவது கேட்கிறார்களா? வைத்தியம் செய்தால் ஆபத்தில்லை, செய்யாவிட்டால் வலியும் சீழும். இந்த ஒரு நியாயமே அவளுக்குப் போதும்.

பிள்ளைக்கு நன்மை இல்லை என்றும் நாங்கள் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் வாயைத் தினமும் பார்க்கிறவர்கள் நாங்கள். முன்பல் எல்லாம் கறுத்து, வேர் மட்டும் மிஞ்சிய பிள்ளைகள் எத்தனை பேர்! பல் வலியில் மேசையில் தலை வைத்துக் கிடக்கும் பிள்ளைக்கு எந்த எழுத்தைக் கற்பிப்பது? சொத்தையை உண்டாக்கும் கிருமி பெரும்பாலும் தாயின் வாயிலிருந்துதான் குழந்தையின் வாய்க்குப் போகிறது. ஒரே கரண்டியில் ஊட்டுவதும், சோற்றை மென்று கொடுப்பதும் அதற்கு வழி. தாயின் சொத்தையைப் பிரசவத்துக்கு முன்பே அடைத்து, சீனித் தேத்தண்ணீரைப் போத்தலில் ஊற்றிக் கொடுக்கும் பழக்கத்தை விட்டால், பிள்ளை மடுவத்தில் இருக்கும்போதே கெடத் தொடங்கும் பல் பிழைக்கும்.

இந்தப் பொய்யால் யாருக்கு இலாபம்?

இனித்தான் விசயத்துக்கு வருகிறோம். வைத்தியம் பாதுகாப்பானது. அரசாங்க வைத்தியசாலையில் இலவசம். சுகாதார அமைச்சின் திட்டமும் இருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் நம் பெண்கள் போவதில்லை?

போனால் பேர் போகும். அதனால்தான்.

பல் கிளினிக் திறந்திருக்கும் நேரமும் மலையில் கொழுந்தெடுக்கும் நேரமும் ஒன்று. தோட்டத்திலிருந்து டவுனுக்கு பஸ் பிடித்துப் போய், நம்பர் எடுத்து, காத்திருந்து, திரும்பி வர ஒரு நாள் முழுசாக ஓடிவிடும். அன்றைக்குச் செக்ரோலில் பேர் இல்லை. 2024 இல் நிர்ணயித்த 1350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் கணக்குப் போட்டாலும், இரண்டு தடவை போய்வந்தால் 2700 ரூபா நட்டம். பஸ் காசு வேறு. வீட்டில் அரிசிக்கும் மாவுக்கும் கணக்குப் பார்க்கும் பெண் தன் பல்லைத்தான் விட்டுக்கொடுப்பாள். பிறகு துரைமாரும் மேலதிகாரிகளும், "இவர்களுக்குச் சுகாதார அறிவில்லை" என்று கூட்டத்தில் பேசுவார்கள்.

சட்டத்தையும் பாருங்கள். 1912 இல் வெள்ளைக்காரர் காலத்தில் வந்த மருத்துவத் தேவைகள் சட்டம், பிள்ளை பெற்ற தொழிலாளிக்கு ஒரு மாதம் சாப்பாடும் இருப்பிடமும் கொடுக்கும் கடமையைத் துரைக்கு விதித்தது. 1939 இல் வந்த பிரசவ நன்மைகள் சட்டம் சம்பளத்தோடு லீவைக் கொண்டுவந்தது. 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். இவையெல்லாம் நல்ல விசயங்கள். ஆனால் அந்த லீவில் பிரசவத்துக்கு முன் கிடைப்பது இரண்டு கிழமைதான். மீதி எல்லாம் பிரசவத்துக்குப் பிறகு.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல் வைத்தியத்துக்கு நல்ல காலம் நாலு முதல் ஆறு மாதம். பிரசவ லீவு தொடங்குவது ஒன்பதாம் மாதத்தில். அவள் டாக்டரிடம் போக வேண்டிய மூன்று மாதமும் கூடையோடு மலையில் நிற்கிறாள். "பிள்ளை பெத்த பிறகு பார்க்கலாம்" என்ற வாசகம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? அது பல் டாக்டரின் புத்தகத்திலிருந்து வரவில்லை. செக்ரோலிலிருந்து வந்தது. அவள் லீவு எடுக்கும்போது பல்லையும் பார்த்துக்கொள்ளட்டும், வேலை நாளில் தொந்தரவு வேண்டாம் என்பதே அதன் பொருள். பச்சைப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் தாய் பல் கிளினிக்கில் காத்திருப்பாள்? பிறகு என்றால் எப்போதும் இல்லை என்றே அர்த்தம்.

கொழும்பில் நிலைமை இன்னும் மோசம். வார்ட் பிளேஸ் பல் வைத்தியசாலை வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். மலையில் இருப்பவளுக்கு டாக்டர் தூரத்தில், கொழும்பில் இருப்பவளுக்குப் பக்கத்தில். ஆனால் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் செக்ரோலும் இல்லை, பெரும்பாலும் சங்கமும் இல்லை. வீட்டம்மா வைத்ததே சட்டம். 1871 இல் வீட்டு வேலைக்காரரைப் பதிவு செய்ய ஒரு சட்டம் போட்டார்கள். எசமானுக்கு வேலைக்காரியைப் பற்றித் தெரிய வேண்டும் என்பதற்காகப் போட்ட சட்டம் அது. வேலைக்காரிக்குப் பல்வலி வந்தால் எசமான் என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதவில்லை. புடவைக்கடையில் நாள் முழுக்க நின்று துணி மடிக்கும் பிள்ளைகளும், தையல் கடையில் குனிந்திருக்கும் பிள்ளைகளும் கர்ப்பத்தை மறைத்தே வேலை செய்கிறார்கள். தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். மறைத்து வேலை செய்கிறவள் எந்த டாக்டரிடம் கார்டைக் காட்டுவாள்?

"வெத்திலை போட்டுப் போட்டுப் பல்லைக் கெடுத்துக்கொள்கிறார்கள்" என்று சொல்கிறவர்களும் உண்டு. வெத்திலை, பாக்கு, புகையிலை கெடுதல்தான். முரசையும் கெடுக்கும், வாய்ப் புற்றுநோயையும் கொண்டுவரும். கர்ப்பிணி கட்டாயம் விட வேண்டும். இதை நாங்களே லயம் லயமாகச் சொல்லி வருகிறோம். ஆனால் குளிரிலும் மழையிலும் பசியிலும் நிற்கிறவளுக்கு அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று யோசிக்காமல், வெத்திலையைக் காட்டி வைத்தியத்தை மறுக்க ஒருவருக்கும் உரிமை இல்லை. சாராயம் குடித்து விழுந்து காலை உடைத்தவனுக்கும் கட்டுப் போடுகிறார்கள்தானே?

நம் வீட்டிலும் சங்கத்திலும்

எதிராளியை மட்டும் குறை சொல்லிவிட்டு எழும்பிப் போக முடியாது. கணவன்மாரைக் கேட்கிறோம்: உங்கள் மனைவி எத்தனை நாளாக ஒரு பக்கத்தால் மட்டும் சாப்பிடுகிறாள் என்று தெரியுமா? மாமியார்மாரைக் கேட்கிறோம்: உங்களுக்கு அந்தக் காலத்தில் யாரும் வைத்தியம் செய்யவில்லை என்பதற்காக மருமகளும் அதே வலியைப் பட வேண்டுமா?

சங்கத்தையும் கேட்க வேண்டும். சம்பளம், வீடு, காணி என்று எத்தனையோ மகஜர் எழுதினோம். தொழிலாளிப் பெண்ணின் பல்லைப் பற்றி ஒரு வரி எழுதினோமா? எழுதவில்லை. கமிட்டியில் உட்கார்ந்திருக்கிறவர்களில் பெரும்பாலானோர் ஆம்பிளைகள், அதனால் தோன்றவில்லை. மாதர் தலைவிமார் பேச எழும்பும்போது "அது கிளினிக் விசயம், பிறகு பார்ப்போம்" என்று நாங்களும் தள்ளிப் போட்டிருக்கிறோம். நாங்களும் அந்த வாசகத்தைத்தான் சொன்னோம். இனிச் சொல்ல மாட்டோம்.

நாம் கேட்பது

ஒன்று: கர்ப்பப் பதிவுக் கார்டில் பல் கிளினிக்குக்குப் போன திகதி பதிந்திருந்தால், அந்த நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும். ஒரு கர்ப்பத்துக்கு இரண்டு நாளாவது. இனி எந்தக் கூட்டு ஒப்பந்தம் எழுதினாலும் இந்த வரி அதில் இருக்க வேண்டும். ஒரு தாய்க்கு இரண்டு நாள் சம்பளம் கொடுத்தால் கம்பனி கவிழ்ந்துவிடாது.

இரண்டு: தோட்டத்தில் கர்ப்பிணி கிளினிக் நடக்கும் நாளிலேயே, மாதத்துக்கு ஒரு தடவையாவது பல் டாக்டர் வர ஏற்பாடு வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் தோட்ட நிர்வாகமும் சேர்ந்து இதைச் செய்ய வேண்டும். வர முடியாத இடத்தில், நிர்வாகம் வாகனம் கொடுத்து எல்லாரையும் ஒரே நாளில் வைத்தியசாலைக்கு அனுப்பட்டும். கொழுந்து ஏற்ற லொறி வருகிறது. கர்ப்பிணிக்கு ஒரு வான் வராதா?

மூன்று: டிஸ்பென்சரிச் சுவரில், கர்ப்பிணிக்குக் கொடுக்கக்கூடாத மருந்துகளின் பட்டியலைத் தமிழில் ஒட்ட வேண்டும்.

நாலு: கொழும்பில் வீட்டிலும் கடையிலும் வேலை செய்யும் பெண்களுக்குச் சம்பளத்தோடு கிளினிக் நாள் வேண்டும். அதைச் சட்டமாக்கும்வரை சங்கம் ஓயக்கூடாது. தோட்டத்தை விட்டுப் போனவள் சங்கத்தை விட்டுப் போனவள் ஆகமாட்டாள்.

இன்றைக்கே செய்யக்கூடியது

கோரிக்கை வெல்லும்வரை பல் காத்திருக்காது. அதனால் கர்ப்பமாக இருக்கும் ஒவ்வொரு சகோதரிக்கும் சொல்கிறோம். மிட்வைப் மிஸ்ஸிடம், "என்னைப் பல்லுக்கு அனுப்புங்க" என்று வாய் விட்டுக் கேளுங்கள். வலி இல்லாவிட்டாலும் கேளுங்கள். மலையில் இருப்பவர்கள் பக்கத்து அரசாங்க வைத்தியசாலையின் பல் பிரிவுக்குப் போகலாம். பெரிய பிரச்சினை என்றால் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை இருக்கிறது. கொழும்பில் இருப்பவர்கள் மாநகர சபையின் தாய் சேய் கிளினிக்கில் பதிந்து, அங்கிருந்து பல் வைத்தியசாலைக்குக் கடிதம் கேட்கலாம். போகும்போது கர்ப்பக் கார்டையும், குடிக்கும் மருந்துகளையும் கையோடு கொண்டுபோங்கள். சீனி வருத்தம், பிரஷர், இருதய வருத்தம், மருந்து ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். யாராவது பார்க்காமலே திருப்பி அனுப்பினால், ஏன் என்று கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். தனியாகப் போகப் பயமென்றால், பாசை தெரியாது என்று தயங்கினால், கூட வர ஆள் தருவோம்.

தோட்டத் தலைவர்மாருக்கும் மாதர் தலைவிமாருக்கும் ஒரு வேலை. அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன், உங்கள் டிவிசனில் எத்தனை கர்ப்பிணிகள் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேரின் கார்டில் பல் பரிசோதனை பதிந்திருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் துரையிடமும் சுகாதார வைத்திய அதிகாரியிடமும் பேசப் போகிறோம்.

கொட்டாஞ்சேனைப் பிள்ளை இப்போது ஏழாம் மாதத்தில் இருக்கிறாள். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு, தோட்டத்துக்கு வரப்போகிறாளாம். போன கிழமை தொலைபேசியில், "இப்ப ரெண்டு பக்கத்தாலயும் சாப்பிடுறேன்" என்று சிரித்தாள். பிறகு ஒன்று கேட்டாள்: "எங்க லயத்துல இன்னும் ரெண்டு பேர் மாசமா இருக்காங்க. அவங்கள எப்ப கூட்டிட்டுப் போறீங்க?"

அவளுக்கு நாங்கள் திகதி சொல்லியிருக்கிறோம். உங்கள் லயத்துக்கு நீங்கள் திகதி சொல்லுங்கள்.